மூணு சீட்டில் சீக்வென்ஸ் எப்படி கலரை ஜெயிக்கும்?

ரம்மிக்காரன்:
அஞ்சு சீட்டு போக்கர் ஓரளவு தெரியும், அதில் ஒரே கலர் (எல்லாச் சீட்டும் ஒரே சின்னம்) வந்தால் வரிசையை (சீக்வென்ஸ், அடுத்தடுத்த எண்கள்) அடித்துவிடும். நேற்று தீன் பத்தி (மூணு சீட்டு) ஆடினால் தலைகீழாகச் சொல்கிறார்கள். வீட்டு விதியா, நிஜ விதியா?

சேலம்_ராஜா:
நிஜ விதிதான். 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழி இருக்கிறது. அதில் வெறும் கலர் 1,096, வரிசை 720 மட்டுமே, அதனால்தான் வரிசைக்கு மதிப்பு அதிகம். ஒரே கலரில் வரிசை (பியூர் சீக்வென்ஸ்) 48, மூன்றும் ஒரே எண் (ட்ரெயில்) 52. அப்படிப் பார்த்தால் பியூர் சீக்வென்ஸ்தான் மேலே இருக்கணும், ஆனால் ட்ரெயில்தான் பெரியது, அது பழக்கம், யாரும் மாற்றப்போவதில்லை.

ரம்மிக்காரன்:
சரி, புரிந்தது. பிளைண்ட் ஆடுபவருக்கு என்ன சலுகை?

காபி_பிரியை:
பாதிப் பணம்! சீட்டைப் பார்க்காதவர் 10 ரூபாய் போட்டால், பார்த்த நீங்கள் குறைந்தது 20 போடணும். நீங்கள் 20 போட்ட பிறகும் அடுத்த பிளைண்ட் ஆளுக்கு 10 போதும், அதனால் கையில் ஒன்பது, ஏழு, நான்கு என்று குப்பையை வைத்துக்கொண்டு பிளைண்ட் ஆட்களோடு மல்லுக்கட்டாதீர்கள், பேசாமல் பேக் சொல்லி அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிடுங்கள்.

சேலம்_ராஜா:
அப்புறம் சைடு ஷோ, அதாவது இரண்டு பேர் மட்டும் சீட்டை ஒப்பிட்டு, சின்னக் கை வெளியேறுவது. உங்களுக்கு முந்தைய ஆளும் சீட்டைப் பார்த்திருந்தால் மட்டும் கேட்கலாம், அவர் மறுக்கவும் செய்யலாம். இரண்டு கையும் சமமென்றால் கேட்டவர்தான் வெளியே. A-2-3 எந்த இடம் என்பதை மட்டும் ஆரம்பிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், பல இடங்களில் A-K-Qக்கு அடுத்தது அதுதான், சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.