பேரக் கேட்டதும் மாறுற முகம்: உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

வழிப்போக்கன்:
வாடகைக்கு வீடு தேடுறதுல நம்ம முஸ்லிம் ஆளுங்க படுற பாடு தெரிஞ்சதுதான், அத விடுங்க. எனக்கு அந்தச் சாவிதான் மறக்கல. ஹால், கிச்சன் எல்லாம் காட்டிட்டு, உள் ரூம் பூட்டுல சாவிய நுழைச்சுக்கிட்டே "உங்க பேரு கேக்கவே இல்லையே"ன்னார் ஓனர். சொன்னேன். சாவி பாதி திரும்புனது அப்படியே நின்னுச்சு, அப்புறம் மெதுவா உருவி சட்டைப் பையில போட்டுக்கிட்டு "சொந்தக்காரங்க வரேன்னு சொல்லியிருக்காங்க"ன்னார். எட்டு வயசு மக கூட நிக்கிறா. வெளிய வந்து "ஏன் அத்தா அந்த ரூம காட்டல"ன்னு கேட்டா, என்னத்த சொல்ல.

மழைத்துளி:
படிக்கவே கஷ்டமா இருக்கு அண்ணா. நான் ஹிஜாப் போடுறவ. பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா என் பையவே பாத்துட்டு வந்தாங்க, போன் அடிக்குதேன்னு உள்ள கைய விட்டேன், சட்டுனு குழந்தைய மடில இழுத்து அது முகத்த முந்தானையால மூடிட்டாங்க. அந்தப் புள்ள துணிக்குள்ள இருந்து ஒரு கண்ணால என்னயே பாத்துச்சு. நான் போனையே எடுக்கல.

நேர்பேச்சு:
ரெண்டு பேரும் தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு நிஜமாவே சொந்தக்காரங்க வந்திருக்கலாம்ல? மதம் வேற இனம் வேற, இதையெல்லாம் இனவெறின்னு சிலர் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். பேசாம போன்லயே பேர சொல்லிடுங்க, அலைச்சல் மிச்சம். தங்கச்சி, நீங்களா முதல்ல சிரிச்சுப் பேசுங்க, பைய கண்ணுக்குத் தெரியுற மாதிரி வைங்க, பயந்தவங்கள நாமதான் சகஜமாக்கணும், நானும் புது இடத்துல அப்படித்தான் செய்வேன்.

தாடிக்காரன்:
நேர்பேச்சு, பயமுறுத்தாதவங்க ஏன் சமாதானம் சொல்லணும்? இனம் வேறன்னா இதுக்குப் பதில் சொல்லுங்க. 2001 செப்டம்பர் 15, அமெரிக்காவுல மேசாங்கிற ஊர்ல பல்பீர் சிங் சோதிய அவரோட பெட்ரோல் பங்க் வாசல்லயே சுட்டுக் கொன்னாங்க. அவர் சீக்கியர். தாடியையும் தலப்பாகையையும் பாத்தே முஸ்லிம்னு முடிவு பண்ணிட்டான் சுட்டவன். பிரான்ஸ்ல ஒரே தகுதி, டியூஃப்ங்கிற ஒரே குடும்பப் பேரு, மரீன்னு ஒண்ணு கதீஜான்னு ஒண்ணு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிப் பாத்திருக்காங்க, 2010ல ஆய்வு வெளியாச்சு. கூப்பிட வாய்ப்பு மரீக்கு ரெண்டரை மடங்கு அதிகம். கதீஜா எங்க போய் சிரிச்சுப் பேசுவா?

நான் முஸ்லிம் இல்ல, தாடி மட்டும் உண்டு. ஒரு தடவ செக்யூரிட்டில என்ன மட்டும் ஓரமா நிறுத்தி பைய மூணு முறை கொட்டிப் பாத்தாங்க, கார்டுல பேரப் பாத்ததும் "சாரி சார், நாங்க வேற மாதிரி நெனச்சிட்டோம்"னு கைகுடுத்தாங்க. நானும் குடுத்துட்டு வந்துட்டேன். வேற மாதிரின்னா எந்த மாதிரின்னு அன்னைக்கே கேட்டிருக்கணும், பின்னால இன்னொருத்தர் நின்னுட்டு இருந்தார்.

வழிப்போக்கன்:
நேர்பேச்சு, நீங்க சொன்ன யோசனைய என் மகளே சொல்லிட்டா. அடுத்த வீட்டுக்குப் போனப்ப காலிங் பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி என் கையப் புடிச்சு இழுத்து, "அத்தா, பேர முதல்லயே சொல்லிடுங்க"ன்னா.