பென்னிகுவிக் நினைவுப் பலகை: எதை எழுதலாம், எதை விடலாம்?

(ஒரு வாசகரின் கேள்வியும், புனைபெயரில் மூவர் சொன்ன பதில்களும்)

கம்பம் வாசகர்: வணக்கம். ஜனவரி 15 அன்று ஊர் நூலகத்தில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக் அவர்களுக்குப் பலகை வைக்கிறோம். அகலம் 4 அடி, உயரம் 3 அடி. அணையோடு நிறுத்தாமல் அவர் குடும்பத்தையும் சொல்ல ஆசை. சொத்தை விற்று அணை கட்டினார் என்று எழுதலாமா? அணையின் உயரத்தையும் 142, 152, 176 அடி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஆயக்கட்டு: மூன்று எண்ணும் சரிதான், ஒவ்வொன்றும் வேறு அளவு. அடித்தளத்திலிருந்து அணையின் உயரம் 176 அடி. நீர் தேக்க வடிவமைத்த மட்டம் 152 அடி. 142 அடி என்பது 2014ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த நீர்மட்டம். "உயரம் 142 அடி" என்று போட்டுவிட்டால் பிள்ளைகள் அதையே பரீட்சையில் எழுதும்.

சொத்து விற்ற செய்தி நம் பக்கத்து மக்கள் அன்போடு சொல்லிவருவது. எழுதினால் "என்று மக்கள் சொல்வார்கள்" என்று சேர்த்தே எழுதுங்கள். அணைக்குப் பணம் கொடுத்தது மதராஸ் அரசு. வேலை 1887ல் தொடங்கியது, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார்.

சுண்ணாம்புக்காளவாய்: எதைக் கொண்டு கட்டினார் என்பதற்கு இரண்டு வரியாவது ஒதுக்குங்கள். முன்புறமும் பின்புறமும் கருங்கல் கட்டுமானம், நடுவயிறு சுண்ணாம்பு-சுர்க்கி கான்கிரீட். வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றுப் பட்டால்தான் இறுகும், தண்ணீருக்குள் இறுகாது. சுட்ட செங்கல்லை இடித்த தூள்தான் சுர்க்கி. அதைச் சேர்த்தால் ஈரத்திலும் பிடிக்கும். சுண்ணாம்புக்கல் கம்பத்தை அடுத்த கூடலூர்ப் பக்கம் குருவனூத்திலிருந்து போனது.

காட்டாற்று வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனதையும், நோயில் மாண்ட தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களின் கல்லறைகள் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்களைச் சொல்லாமல் பென்னிகுவிக் படம் மட்டும் மாட்டுவது நியாயமாகாது.

இன்னொன்று: அவர் அணை கட்டியதோடு நிற்கவில்லை. மேற்கே போன பெரியாற்றைத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார். சுரங்கம் ஒரு மைலுக்குச் சற்று அதிகம். பெரும்பாலான பலகைகளில் இதுதான் விடுபடுகிறது. நம் வயலுக்குத் தண்ணீர் வந்ததே அந்தச் சுரங்கம் வழியாகத்தான்.

ஆயக்கட்டு: குடும்பத்துக்கு இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1841 ஜனவரி 15, புனே. அப்பா பெயரும் ஜான் பென்னிகுவிக், படைத் தளபதி. 1849 ஜனவரி 13 பஞ்சாபில் சீக்கியரோடு நடந்த சில்லியன்வாலா போரில் அப்பாவும் அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் இறந்தார்கள். பையனின் எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டே நாள் இருந்தது. மனைவி கிரேஸ் ஜார்ஜினா. பென்னிகுவிக் 1911 மார்ச் 9ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் காலமானார், கல்லறை ஃபிரிம்லி தேவாலயத்தில். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் என்பதால் இணையத்திலிருந்து படம் எடுக்கும்போது கவனம், ராணுவ உடையில் இருப்பவர் எவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு பென்னிகுவிக் என்று பெயர் வைப்பதையும் ஒரு வரி சேர்த்தால் வாசிப்பவர்களுக்கு நெருக்கமாக இருக்கும்.

அச்சுக்கோப்பு: பத்தடி தள்ளி நின்று படிக்க எழுத்து ஒரு அங்குல உயரம் வேண்டும். தமிழில் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் சுழியும் வளைவும் வருவதால் வரிக்கு ஒன்றே முக்கால் அங்குலம் விடுங்கள். படத்தை இடது பக்கம் முழு உயரத்துக்கு ஒன்றே கால் அடி அகலத்தில் வைத்தால் வலது பக்கம் தலைப்பு போக 15 வரி நிற்கும். அதற்கு மேல் திணிக்காதீர்கள்.

அச்சுக் கடையில் பழைய எழுத்துரு வைத்திருந்தால் யூனிகோடில் அனுப்பியது ஒட்டும்போது உடையும், கொம்பும் காலும் இடம் மாறும். கூடவே ஒரு படக்கோப்பு அனுப்பி, அச்சுக்கு முன் மாதிரியை வாங்கி எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். முக்கியமாக "பென்னிகுவிக்": "ன்னி"யில் இரட்டை ன, "கு"வுக்கு முன் க் வராது. வெயில் படும் சுவர் என்றால் ஃப்ளெக்ஸ் வெளுத்துவிடும், ஏசிபி எனும் அலுமினியக் கூட்டுத் தகட்டில் வினைல் ஒட்டுத்தாள் ஒட்டிக் கேளுங்கள்.