கெராமாட் ரோடு தண்ணிப் பந்தல் குரூப்

சரசு அத்தை: அம்மா காலைலேர்ந்து ஒரே பாட்டு. தைப்பூச ரதம் பாக்கணுமாம். இடுப்பு ஆபரேஷன் பண்ண ஆளு, கட்டில்ல எழுந்து உக்காரவே ரெண்டு பேரு புடிக்கணும், இதுல பட்டர்வொர்த்துலேர்ந்து எப்படி பாலம் தாண்டி பினாங்கு கூட்டத்துல கொண்டு போறது. யாராச்சும் போன்ல காட்ட வழி பண்ணுங்க

மணியம் பெரியப்பா: வீடியோ கால் போடு

தேவி அத்தை: அண்ணே போன வருஷம் எனக்கு மெல்பர்னுக்கு போட்டீங்களே. ரதம் வந்த நேரத்துல எல்லாரும் ஏறிக்கிட்டு ஹலோ ஹலோ. நான் பாத்தது உங்க மூக்கும் சுரேஷ் கட்டவெரலும்தான்

சுரேஷ்: கட்டவெரல் நல்லா தெரிஞ்சிச்சா இல்லயா அத்தே

கவிதா: 😂😂

குமரன்: எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க. வீடியோ கால்ல எல்லார் மூஞ்சியும் எல்லார் சத்தமும் உள்ள வரும், அதான் தொல்ல. நமக்கு வேண்டியது ஒரு போன் மட்டும் அனுப்பணும், மத்தவங்க சும்மா பாக்கணும். மீடியாஎம்டிஎக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, வீடியோவ வாங்கி பாக்கறவங்களுக்கு திருப்பி அனுப்பும், ஓப்பன் சோர்ஸ், காசு கெடையாது, மாச வாடகைக்கு ஒரு சின்ன செர்வர், அதாவது எப்பவும் நெட்ல இருக்கற கம்ப்யூட்டர், எடுத்து அதுல போட்டு வச்சிருக்கேன். பந்தல்ல நிக்கிறவங்க க்ரோம்ல ஒரு லிங்க்க தொறந்து கேமராவுக்கு சரின்னு அமுக்கினா போதும், ஆப்பு ஒண்ணும் எறக்க வேணாம். பாக்கறவங்களுக்கு வேற லிங்க். வெப்ஆர்டிசிங்கற நேரடி வழில போறதால இங்க தேங்கா உடைஞ்சா பாட்டிக்கு கிட்டத்தட்ட அதே நொடில தெரியும், எச்எல்எஸ்னு இன்னொரு வழி இருக்கு அது பல செகண்ட் பிந்தும்

கவிதா: படிச்சு முடிக்கறதுக்குள்ள ரதம் கோயிலுக்கு போயி சேந்துரும்

மணியம் பெரியப்பா: 👍

சுரேஷ்: டேய் பேஸ்புக் லைவ் இருக்கப்போ எதுக்குடா இவ்ளோ வேல

தேவி அத்தை: வேணவே வேணாம். பெரியம்மா சாவுக்கு நீ பப்ளிக்ல போட்டு, முன்ன பின்ன தெரியாதவன்லாம் கீழ ஹார்ட்டு வுட்டான்

சுரேஷ்: அத இன்னுமா பேசறீங்க

சரசு அத்தை: குமரா அந்த லிங்க்க அம்மா டேப்லட்டுல போட்டா வருமா

குமரன்: வரும் அத்தே. ஆனா மொதல்ல சத்தம் இல்லாம ஓடும், பிரவுசர் தானா சத்தத்த தொறக்காது, ஸ்பீக்கர் படத்த ஒரு தடவ அமுக்கணும். பக்கத்துல ஆள் இருந்தா நல்லது

சரசு அத்தை: அதான் நானும் கேக்கறேன். அன்னிக்கு நான் பந்தல்ல சமையலுக்கு நிக்கணும். அம்மா கூட யாரு இருப்பா?

வாசு சித்தப்பா: தேங்கா சொல்லியாச்சு. போன வருஷத்தவிட வெல ஏறிருச்சு. பங்கு குடுக்காதவங்க குடுத்துருங்க, பேரு சொல்ல விரும்பல

மணியம் பெரியப்பா: நான் குடுத்துட்டேன்

வாசு சித்தப்பா: பாதி

மணியம் பெரியப்பா: அப்படியே தங்க ரதத்தையும் காட்டலாமே குமரா

வாசு சித்தப்பா: அப்பா காலத்துலேர்ந்து வெள்ளி ரதத்துக்குத்தான் பந்தல் போடறோம். தங்க ரதம் 2017லதான் வந்துச்சு

மணியம் பெரியப்பா: தெரியும். வெள்ளி ரதம் 1894ல காரைக்குடிலேர்ந்து கப்பல்ல வந்தது. எனக்கு பாடம் எடுக்காத

கவிதா: ரெண்டும் ஒரே முருகன்தான், ரெண்டு பேரும் தண்ணி குடிங்க

சுரேஷ்: டேய் குமரா அந்த செர்வரு வாடகைக்கு எதுக்கு, உன் பழைய லேப்டாப்பு சும்மாதான கெடக்கு

குமரன்: அண்ணே பந்தல் போன் ஒரு தடவதான் அனுப்பும், ஆனா செர்வர் பாக்கறவங்க ஆளுக்கு ஒண்ணா திருப்பி அனுப்பணும். ஆளுக்கு நொடிக்கு 1.5 மெகாபிட் வச்சா 20 பேருக்கு 30, என் வீட்டு லைன் அப்லோடு அத தாங்காது. இன்னொண்ணு, எச்டிடிபிஎஸ்ங்கற பாதுகாப்பு இல்லாத பக்கத்துக்கு பிரவுசர் கேமராவ குடுக்கவே குடுக்காது, அதனால டொமைன், அதாவது வெப்சைட்டு பேரு, வாங்கி லெட்ஸ் என்கிரிப்ட்னு ஒரு அமைப்புல அதுக்கு பாதுகாப்பு சர்டிபிகேட் எடுத்து போட்டேன், இலவசம்தான், 90 நாள்ல முடியும், அது தானா புதுப்பிச்சுக்கும். பக்கம் தொறக்குது படம் மட்டும் கருப்பா நிக்குதுன்னா பெரும்பாலும் செர்வர்ல படம் போற வாசல், யுடிபி 8189 போர்ட்டு, மூடி இருக்குன்னு அர்த்தம், அதையும் தொறந்தாச்சு

சுரேஷ்: ஓகே நான் கேக்கல

குமரன்: இப்ப பெரிய பிரச்சன கூட்டம். ரதம் கிட்ட வர்றப்ப அங்க இருக்கற எல்லாரும் போன தூக்குவாங்க, மொபைல் டேட்டா அப்படியே படுத்துரும். என் செர்வர் எவ்ளோ நல்லா இருந்தாலும் பந்தல்லேர்ந்து வெளிய போகலன்னா ஒண்ணும் பண்ண முடியாது

வாசு சித்தப்பா: பின்னால டயர் கடை தவுக்கே, அந்த மொதலாளி, வைஃபை தர்றேன்னாரு. அவரும் 100 தேங்கா உடைக்கறாரு

குமரன்: சித்தப்பா அது போதும்!! அப்ப போன ஏரோப்ளேன் மோடுல போட்டு வைஃபைய மட்டும் தொறந்து வைங்க, நடுவுல எவனாச்சும் போன் பண்ணா கேமரா நின்னுரும். ஸ்க்ரீனும் அணையக் கூடாது, ஐபோன்ல லாக் ஆனா படம் போச்சு. பவர்பேங்க் வேணும். ஸ்டாண்டு நான் கொண்டாறேன், கையில யாரும் புடிக்க வேணாம்

தேவி அத்தை: குறிப்பா சுரேஷ்

சரசு அத்தை: அம்மா கூட யாருன்னு கேட்டேனே

கவிதா: யாரு லிங்க்க கோயில் குரூப்புல போட்டது?? எனக்கு அங்கேர்ந்து திரும்பி வருது

மணியம் பெரியப்பா: நல்ல விஷயம் நாலு பேருக்கு தெரியட்டும்னு போட்டேன்

குமரன்: பெரியப்பா 20 பேருக்குத்தான் கணக்கு பண்ணேன், அங்க 200 பேரு இருக்காங்க. அழிச்சிருங்க ப்ளீஸ். நான் பாஸ்வேர்ட் போட்டுட்டு தனித்தனியா அனுப்பறேன்

மணியம் பெரியப்பா: எப்படி அழிக்கறது

சுரேஷ்: அப்பா அந்த மெசேஜ அமுக்கி புடிங்க

சுரேஷ்: இந்த குரூப்புல இல்லப்பா

சரசு அத்தை: அண்ணே, அண்ணி அன்னிக்கு ஒரு நாள் இங்க பட்டர்வொர்த்துல வந்து இருக்க முடியுமா. ஆபரேஷன் ஆனதுலேர்ந்து யாரும் இந்தப் பக்கம் வரல, குத்தமா சொல்லல

மணியம் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மணியம் பெரியப்பா: காரை ஃபெர்ரில ஏத்தி வந்தா ஜாம் இல்லாம இருக்குமா வாசு

வாசு சித்தப்பா: ஃபெர்ரில காரு ஏத்தறத நிறுத்தி எவ்ளோ நாளாச்சு. இப்ப ஆளும் மோட்டார் சைக்கிளும்தான்

சுரேஷ்: அத்தே நான் அம்மாகிட்ட கேக்கறேன். இல்லன்னா நான் முந்தின நாளே கோலாலம்பூர்லேர்ந்து வந்து பாட்டி வீட்லயே தங்கிக்கறேன்

தேவி அத்தை: பாத்தியா, கட்டவெரலுக்கு நல்ல வேல கெடச்சிருச்சு. ஸ்பீக்கர அமுக்கலாம்

சரசு அத்தை: கேட்டுட்டு சொல்லுய்யா. நான் இன்னும் யாரயும் நம்பல

குமரன்: இன்னிக்கு ராத்திரி 9 மணிக்கு டெஸ்ட். அத்தே டேப்லட்ட சார்ஜ் போட்டு வைங்க, பாட்டிய முழிச்சிருக்க சொல்லுங்க

சரசு அத்தை: அவங்க 8 மணிக்கு சீரியல், 9 மணிக்கும் சீரியல். 10 மணிக்கு பண்ணு

வாசு சித்தப்பா: மோர் போடறதா சிராப் சர்பத்து போடறதா யாரும் இன்னும் சொல்லல