புரட்டாசி மாசம் ஆபீசுக்கு டோஃபு சாண்ட்விச்: எனக்கு மட்டும் ஏன் ரப்பர் மாதிரி வருது?

வேளச்சேரி_டப்பா

வணக்கம் மக்களே. எங்க வீட்ல புரட்டாசி பொறந்தா முட்டை கூட வாசப்படி தாண்டாது, அம்மா மொத நாளே ஃபிரிட்ஜ தொடச்சு எடுத்துருவாங்க. மத்த மாசமெல்லாம் மதியத்துக்கு சிக்கன் சாண்ட்விச் தான் கட்டிட்டுப் போவேன், காலைல பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிரும். இந்த மாசத்துக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சு போன வாரம் கடைல சோயா பன்னீர்னு எழுதியிருந்த டோஃபு 200 கிராம் பாக்கெட் ரெண்டு வாங்குனேன். பேர்லயே பன்னீர் இருக்கே, அதே மாதிரி தான் இருக்கும்னு நெனச்சு பாக்கெட்ட வெட்டி தண்ணிய கொட்டிட்டு தடி தடியா துண்டு போட்டு மிளகாத்தூள், உப்பு, எண்ணெய் எல்லாம் பெரட்டி அப்பவே தோசைக்கல்லுல போட்டுட்டேன்.

போட்ட அடுத்த நொடி எண்ணெய் தெறிச்சு மணிக்கட்டுல ஒரு கொப்புளம். சரி போகட்டும்னு திருப்புனா மசாலா பூரா கல்லோடயே நின்னுருச்சு, துண்டு மட்டும் வெள்ளை வெளேர்னு வருது. அதையும் விடாம பிரெட்ல வச்சு கட்டிட்டுப் போனேன், ஒரு மணிக்கு டப்பாவ தொறந்தா கீழ இருக்கற பிரெட்டு ரசத்துல ஊறப்போட்டது மாதிரி கெடக்கு. கடிச்சா வெளிய ரப்பர், உள்ள சப்புன்னு. பக்கத்து சீட்டு நண்பன் ஒரு துண்ட எடுத்துப் பாத்துட்டு "இத வச்சு பென்சில்ல எழுதுனத அழிக்கலாம்டா"ன்னு சொல்லிட்டான்.

இன்னொரு பாக்கெட் அப்படியே இருக்கு. வயிறும் நெறையணும், சாப்ட்டோம்ங்கற திருப்தியும் வேணும். எங்க தப்பு பண்றேன்? முட்டை இல்லாத வழியா சொல்லுங்க.

இரும்புக்கல்

தம்பி, நீங்க பண்ண தப்பு ஒண்ணே ஒண்ணு தான், தண்ணி. பன்னீர்ல பால் கொழுப்பு இருக்கு, அது உருகி தானா செவக்கும். டோஃபு சோயா பாலத் திரிச்சு எடுக்கறது, அதுல முக்காவாசி தண்ணி தான். அந்தத் தண்ணி ஆவியாகி முடியற வரைக்கும் கல்லு மேல அது வேகுமே ஒழிய வறுபடாது. எண்ணெய் தெறிச்சதும் அதனால தான், மசாலா ஒட்டாததும் அதனால தான், மதியம் பிரெட் நனைஞ்சதும் அதே தண்ணி தான்.

நான் பண்றது இது. பாக்கெட்ட வெட்டுனதும் நீளவாக்குல அரை அங்குல வில்லையா வெட்டுங்க, அதுக்கு மேல தடியா வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணிய கொதிக்க விட்டு ரசத்த விட கொஞ்சம் தூக்கலா உப்பு போட்டு, அதுல வில்லைகள போட்டு சின்னத் தீயில பத்து பதினஞ்சு நிமிஷம். தண்ணி எடுக்கணும்னு சொல்லிட்டு தண்ணியிலயே போடறாளேன்னு நெனைக்காதீங்க, சூட்டுல டோஃபு இறுகி உள்ள இருக்கறத தானே வெளிய தள்ளும், உப்பும் ஏறும், அந்த பச்சை சோயா வாடையும் போயிரும். அப்புறம் வெள்ளைத் துணில பரப்பி மேல இன்னொரு துணி, அதுக்கு மேல ஒரு தட்டு, தட்டு மேல குழவிக்கல்லு. என்கிட்ட குழவி இல்லாதப்ப இட்லி அரிசி டப்பாவ வச்சிருக்கேன். அரை மணி நேரம் கழிச்சு துணிய பிழிஞ்சு பாருங்க, எவ்ளோ தண்ணி வந்திருக்குன்னு உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

ஊறவைக்கறதுல எண்ணெய் சேக்காதீங்க. தண்ணி இருக்கற பொருளுக்குள்ள எண்ணெய் போகவே போகாது, மேல படலம் மாதிரி நின்னு மத்த ருசியையும் உள்ள விடாது. சோயா சாஸ் ஒன்றரை ஸ்பூன், எலுமிச்சை அரை மூடி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாத்தூள், கொஞ்சம் மிளகுத்தூள், ஒரு சிட்டிகை சர்க்கரை, இருபது நிமிஷம் போதும். எண்ணெய் கல்லுக்குத் தான். கல்லுல போடறதுக்கு சரியா முன்னாடி ரெண்டு ஸ்பூன் கார்ன் ஃப்ளோர்ல ஒரு பெரட்டு. கல்லு நல்லா காஞ்சிருக்கணும், போட்டதும் கரண்டியால நோண்டக் கூடாது, மூணு நிமிஷம் அது பாட்டுக்கு கெடக்கட்டும், செவந்தா தானா கல்ல விட்டு வரும். வரலைன்னா இன்னும் செவக்கலைன்னு அர்த்தம்.

சும்மா_எட்டிப்பாத்தேன்

ஒரு மாசம் தானே ப்ரோ, லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிட்டுப் போனா என்ன? சிக்கன் இல்லைன்னதும் சிக்கன் மாதிரியே ஒண்ணு வேணும்னு எதுக்கு இவ்ளோ பாடு.

வேளச்சேரி_டப்பா

@சும்மா_எட்டிப்பாத்தேன் லெமன் சாதம் திங்கள், புதன், வெள்ளி ஓடிக்கிட்டு தான் இருக்கு ப்ரோ, அதனால தான் இங்க வந்து அழறேன் 😭

தேக்கா_அக்கா

சிங்கப்பூர்லேர்ந்து எழுதறேன் தம்பி. இங்க எங்களுக்கு இது பழகுன சாமான், தவ்க்வான்னு சொல்வோம், ஈரச்சந்தைல கட்டி கட்டியா அடுக்கி வச்சிருப்பாங்க. அது ஏற்கனவே நல்லா அமுக்கி வர்றதால யாரும் குழவிக்கல்லெல்லாம் தேடறதில்ல, துடைச்சுட்டு நேரா எண்ணெய்ல போடுவோம். அங்க வாங்கறப்ப பாக்கெட்ட விரலால அமுக்கிப் பாருங்க, கன்னத்த தொட்ட மாதிரி மெத்துன்னு போச்சுன்னா அது சாண்ட்விச்சுக்கு ஆகாது, மூக்கு நுனிய தொட்ட மாதிரி கெட்டியா இருக்கணும்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. டோஃபுவ எவ்ளோ நல்லா வறுத்தாலும் சாண்ட்விச்ல அது மட்டும் இருந்தா பாதியிலயே சலிச்சுப் போயிரும். சிக்கன்ல இருக்கற சாறு இதுல இல்ல, அப்ப புளிப்பும் மொறுமொறுப்பும் வேற எடத்துலேர்ந்து வரணும். வியட்நாம்காரங்க பான் மீன்னு ஒரு சாண்ட்விச் பண்றாங்களே, அத பாத்து கத்துக்கிட்டது இது. அங்க பௌத்தர்கள்ல நெறைய பேர் அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி அவங்க மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் சைவம் சாப்பிடுவாங்க, நம்ம சனிக்கிழமை மாதிரி தான், அதுக்குன்னே சைவ பான் மீ உண்டு, உள்ள வறுத்த டோஃபு வச்சது நெறைய கடைல கெடைக்கும். ஆனா அதத் தூக்கி நிறுத்தறது கூட வைக்கற கேரட் முள்ளங்கி ஊறல் தான்.

கேரட் ஒண்ணு, முள்ளங்கி பாதி, தீக்குச்சி மாதிரி வெட்டி உப்பு போட்டு பிசறி பத்து நிமிஷம் கழிச்சு பிழிஞ்சிருங்க. அரை கப் வினிகர், அரை கப் சுடுதண்ணி, மூணு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அதுல போட்டா அரை மணி நேரத்துல ரெடி. ஃபிரிட்ஜ்ல ஒரு வாரம் நிக்கும். முள்ளங்கி வாடை ஆபீஸ்ல பிரச்சனைன்னா டப்பாவ தொறக்கறப்ப கொஞ்சம் ஜன்னலோரமா உக்காந்துக்கோங்க, நான் அப்படித் தான்.

சாண்ட்விச்ல வைக்கறப்ப ஊறல கையால இறுக்கி பிழிஞ்சு வைங்க, இல்லன்னா மறுபடியும் ரசம் தான்.

பனிக்கட்டி_பாய்

இரும்புக்கல் அக்கா சொல்ற கொதிக்க வைக்கறதும் குழவிக்கல்லும் சரி தான், ஆனா காலைல ஆபீஸ் போற பையனுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்? ஃப்ரீசர்ல போடுங்க. பாக்கெட்டோட அப்படியே ஞாயித்துக்கிழமை ராத்திரி ஃப்ரீசர்ல, கல்லு மாதிரி ஆனதும் எப்ப வேணுமோ அதுக்கு முந்துன நாள் கீழ இறக்கி வைங்க. உறைஞ்சப்ப மஞ்சளா பழைய சோப்பு மாதிரி ஆயிருக்கும், கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க, உருகுனதும் மறுபடி வெளுத்துரும். உள்ள இருக்கற தண்ணி ஐஸ் ஆகறப்ப ஊசி ஊசியா நின்னு டோஃபுவ கிழிச்சு ஓட்டை போட்டுரும். உருகுனதும் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு அமுக்குங்க, பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்ச் மாதிரி ஜில்லுன்னு தண்ணி கொட்டும், நெஜமாவே ஸ்பாஞ்ச் தான். அப்புறம் சாஸ்ல போட்டா ஒரே நிமிஷத்துல குடிச்சிரும், கடிச்சா நார் நாரா இருக்கும். ஜப்பான்ல கோயா மலைக் கோயில்கள் பேர்லயே இப்படி உறைய வச்சு காயவைக்கற ஒரு டோஃபு இருக்கு, நான் கண்டுபிடிச்ச வித்தை இல்ல.

இரும்புக்கல்

@பனிக்கட்டி_பாய் ரெண்டு தடவ பண்ணிப் பாத்துட்டேன் தம்பி, குழம்புக்கு அருமை, சாண்ட்விச்சுக்கு எனக்குப் பிடிக்கல. சாஸ் அதிகமா குடிச்சு கடிக்கறப்ப கன்னத்துல வழியுது, பிரெட்டும் நனையுது. பிடிச்சவங்க பண்ணிக்கட்டும்.

பனிக்கட்டி_பாய்

சாஸ்ல போட்டதுக்கு அப்புறம் இன்னொரு தடவ பிழியணும்கா 😄 ருசி உள்ள நிக்கும், அதிகமா குடிச்ச சாஸ் போயிரும்.

வேளச்சேரி_டப்பா

நேத்து ராத்திரி இரும்புக்கல் அக்கா முறைப்படி பாதி, இன்னொரு பாதிய ஃப்ரீசர்ல போட்டிருக்கேன். குழவிக்கல்ல தூக்குனா அம்மா "நாளைக்கு சட்னி அரைக்கணும்டா, சோயா வாடை அடிக்கும்"னு கத்தறாங்க, ஆறு கிலோ டம்பெல்ஸ் வச்சேன். இன்னிக்கு காலைல கல்லுல போட்டப்ப தெறிக்கவே இல்ல!! மூணு நிமிஷம் கையக் கட்டிக்கிட்டு நின்னேன், அக்கா சொன்ன மாதிரியே தானா கழண்டு வந்துச்சு, தேங்கா பர்ஃபி ஓரத்துல செவந்திருக்குமே அந்த நெறம்.

ரெண்டு சந்தேகம். மயோனைஸ் எது வாங்கறது, முட்டை இருக்கக் கூடாது. அப்புறம் பிரெட் இன்னிக்கும் லேசா நமத்துப் போச்சு, முந்தி அளவுக்கு இல்ல.

இரும்புக்கல்

பாக்கெட்ல பச்சை சதுரத்துக்குள்ள பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க, முட்டை இருந்தா அந்தப் புள்ளி வராது. தள்ளுவண்டி, சின்னக் கடைல குடுக்கறத நம்பாதீங்க, 2025 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல பச்சை முட்டை மயோனைசுக்கு ஒரு வருஷம் தடையே போட்டாங்கல்ல. வீட்லயே பண்ணலாம்: டோஃபு 100 கிராம், எலுமிச்சை சாறு ஒரு டேபிள்ஸ்பூன், எண்ணெய் மூணு டேபிள்ஸ்பூன், ஒரு பல் பூண்டு, கடுகுப்பொடி ஒரு சிட்டிகை, உப்பு, மிக்ஸி சின்ன ஜார்ல வழவழன்னு அரைங்க. உப்புல கால்வாசிக்கு கருப்பு உப்பு சேத்தீங்கன்னா அதுல இருக்கற கந்தகத்தால முட்டை வாசனையே வந்துரும், முட்டையில்லாம முட்டை வாசனை, பெருமாள் கோச்சுக்க மாட்டார்.

பிரெட்டுக்கு: உள்பக்கம் வர்ற பக்கத்த மட்டும் வெண்ணெய் தடவி கல்லுல செவக்க வாட்டுங்க, வெளிப்பக்கம் மெத்துன்னே இருக்கட்டும். டோஃபு நல்லா ஆறுனதுக்கு அப்புறம் தான் அடுக்கணும், சூடா மூடி வச்சா ஆவி பூரா பிரெட்டுக்குள்ள போகும், இன்னிக்கு நமத்ததுக்கு எனக்கு அது மேல தான் சந்தேகம். தக்காளி வேண்டவே வேண்டாம். புதினா சட்னி தடவறதா இருந்தா ஒரு பிடி பொட்டுக்கடலை சேத்து கெட்டியா அரைங்க.

தேக்கா_அக்கா

நான் தக்காளிய தனியா சின்ன டப்பால எடுத்துட்டுப் போயி சாப்பிடறப்ப வைப்பேன். வெள்ளரிக்காயும் அப்படித் தான். ஒரு மோர் மிளகாய வறுத்து நொறுக்கி உள்ள தூவிப் பாருங்க தம்பி, இத எங்க வியட்நாம் தோழிக்கு குடுத்தேன், டப்பாவோட கேட்டா.

வேளச்சேரி_டப்பா

மோர் மிளகாய் ஐடியாவுக்கு கோடி நன்றி அக்கா, அம்மா போட்டது ஜாடி நெறைய இருக்கு. இன்னிக்கு வச்சது டோஃபு நாலு வில்லை, கேரட் ஊறல் (முள்ளங்கி போடல, ஏசி ரூம்), மோர் மிளகாய் ரெண்டு, அந்த கருப்பு உப்பு மயோனைஸ். ஆற வச்சு கட்டுனேன், பிரெட் கடைசி வரைக்கும் காஞ்சே இருந்துச்சு. நாலரை மணி வரைக்கும் பசிக்கல. அழிரப்பர் நண்பன் பாதிய எடுத்துக்கிட்டான், முட்டை போட்டுட்டியா புரட்டாசில்ல வேறன்னு மெரட்டுனான், இல்லடான்னா நம்ப மாட்டேங்கறான்.

ஃப்ரீசர்ல இருக்கறத நாளைக்கு எறக்கறேன், பாய் சொன்ன மாதிரி ரெண்டு தடவ பிழிஞ்சு பாத்துட்டு எழுதறேன்.