வாரக்கணக்கில் ஊறவைத்த எக்நாக்: குடித்த அனுபவம் உண்டா?

பனிக்குருவி (மினியாபோலிஸ்)

முட்டை, பால், சர்க்கரை அடித்து, பெரும்பாலும் மதுவும் சேர்த்துக் கிறிஸ்துமஸுக்குக் குடிக்கும் பானம்தான் எக்நாக். கடையில் அட்டை டப்பாவில் வருவதைக் கேட்கவில்லை. வீட்டில் செய்து, சீசாவில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் ஊறிய எக்நாக். யாராவது குடித்திருக்கிறீர்களா?

போன டிசம்பரில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கூப்பிட்டார். நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாலேயே மஞ்சள் கரு, சர்க்கரை, க்ரீம், போர்பன் (அமெரிக்க விஸ்கி) எல்லாம் கலந்து மூடி வைத்துவிடுவாராம். அடுப்பிலேயே ஏற்றவில்லை, பச்சை முட்டை. கிறிஸ்துமஸ் அன்று காலையில் வெள்ளைக் கருவை மட்டும் புதிதாக அடித்து மேலே நுரையாகச் சேர்த்தார்.

மூடியைத் திறந்தபோது முட்டை வாடை வருமென்று மூச்சை அடக்கிக்கொண்டேன். வரவில்லை. வெனிலாவும் மரப்பீப்பாயும் கலந்த வாசனைதான் வந்தது. கட்டைவிரல் அளவுத் துருவியில் முழு ஜாதிக்காயை நாலு இழுப்பு இழுத்தார், நுரைமேல் பழுப்புத் தூள் விழுந்தது. குடித்தால் போர்பன் தொண்டையில் எரியவே இல்லை. அடுத்த வாய் எடுக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் அவர் மகள் வீட்டுக்கு அரிசோனா போய்விட்டார். அதே போர்பன் வாங்கி நானே செய்து அன்றைக்கே குடித்தோம். சரக்கு நெடி தனியாக நிற்கிறது, பால் தனியாக நிற்கிறது. அந்த ருசிக்கு ஊறல்தான் காரணமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபில்டர்காபி (டாலஸ்)

ஊறவைத்தது குடித்ததில்லை. ஆனால் எக்நாக் என்றாலே எனக்கு மாமியார் ஞாபகம்தான் வரும்.

விசிட்டர் விசாவில் வந்திருந்தார். வீட்டுக்காரர் ஆபீஸ் பார்ட்டிக்குக் கூட்டிப்போனோம். சின்னச் சின்னக் காகிதக் கப்பில் இளமஞ்சளாக ஊற்றி வைத்திருந்தார்கள். எடுத்துக் கொடுத்த பெண், "இதில் ஆல்கஹால் இல்லை, தைரியமாகக் குடிக்கலாம்" என்று அக்கறையாகத்தான் சொன்னாள். பாதாம்பால் என்று நினைத்து அத்தை குடித்துவிட்டார். முட்டை பட்ட கரண்டியைக்கூட வீட்டில் தனியாக வைப்பவர். நான் பார்த்துவிட்டு ஓடிப்போய், "அத்தை, அதில் முட்டை இருக்கு" என்றேன். கப்பை உள்ளே எட்டிப் பார்த்தார். "ஜாதிக்காய் வாசனை நன்னா இருந்தது" என்று மட்டும் சொல்லி, ஒரு டிஷ்யூவால் கப்பை மூடி மேசையில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டார். அதற்கப்புறம் ஊருக்குப் போகும்வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இங்கே நடக்கும் பார்ட்டிகளில் மதுவுக்குச் சீட்டு எழுதி வைக்கிறார்கள், முட்டைக்கு யாரும் வைப்பதில்லை. நம்மவர்கள் பெற்றோரைக் கூட்டிப்போனால் முதலில் அதைக் கேட்டுவிடுங்கள். பாதாம் பால், தேங்காய்ப் பாலில் செய்த முட்டையில்லாத எக்நாக் இப்போது டிசம்பரில் கிடைக்கிறது. பெயரைப் பார்த்து வாங்காமல், பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

லேப்கோட் (ஒஹாயோ)

பனிக்குருவி, நீங்கள் தப்பித்தீர்கள் என்றுதான் சொல்வேன். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பாட்லக்கில் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிரும் விருந்து) ஒருவர் பச்சை முட்டை எக்நாக் கொண்டுவந்து பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தார். ஹீட்டர் பக்கத்து மேசை. மத்தியானம் வைத்தது சாயங்காலம்வரை அங்கேயே இருந்தது, கரண்டி போய்ப்போய் வந்தது. மறுநாள் குழுவில் பாதிப்பேர் லீவு. அதுதான் காரணம் என்று யாரும் சோதித்து நிரூபிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் காய்ந்துபோன மஞ்சள் கோடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரவைக்கும் சால்மோனெல்லா பாக்டீரியா முட்டை ஓட்டுக்கு வெளியே மட்டும் இருப்பதில்லை, உள்ளேயும் இருக்கலாம். கழுவினால் போகாது. சாப்பிட்ட 6 மணி நேரத்திலும் தெரியலாம், 6 நாள் கழித்தும் தெரியலாம். அதனால் வீட்டில் செய்பவர்கள் தயவுசெய்து வேகவைத்தே செய்யுங்கள். பெரிய வித்தை இல்லை. மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடியுங்கள். பாலையும் க்ரீமையும் சூடாக்குங்கள், கொதிக்க வேண்டாம். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக முட்டையில் விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். மொத்தமாகக் கொட்டினால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். அப்புறம் எல்லாவற்றையும் திரும்பச் சின்னத் தீயில் வைத்து, அடி பிடிக்காமல் துழாவி, 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை விடுங்கள். இந்த ஊர் ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டரில் அது 160. கரண்டியின் பின்பக்கம் பூசினாற்போல் ஒட்டும், விரலால் கோடு போட்டால் கோடு நிற்கும். 80 செல்சியஸைத் தாண்டவிட்டால் திரியும் ஆபத்து உண்டு. உடனே இறக்கி, வடிகட்டி, ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றி ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். ரம்மோ போர்பனோ ஆறின பிறகு. பரிமாறும்போது 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விட வேண்டாம். அடுப்பே வேண்டாம் என்பவர்கள் ஓட்டோடு பாஸ்சரைஸ் செய்த (கிருமி சாக அளவாகச் சூடாக்கிய) முட்டை வாங்கலாம், பெட்டியிலேயே போட்டிருக்கும்.

மேல்மாடி (நியூயார்க்)

லேப்கோட், நீங்கள் சொன்ன பாட்லக் கதையில் ஊறவைத்ததாக எங்கே இருக்கிறது? அது வேறு, பனிக்குருவி கேட்டது வேறு.

இங்கே ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற நுண்ணுயிரியலாளர் இருந்தார். தொண்டை அழற்சி போன்றவற்றைத் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா வகைகளைப் பிரித்துக் காட்டியவர், இன்றைக்கும் அந்தப் பிரிவுகள் அவர் பெயரில்தான் இருக்கின்றன. அவருடைய ஆய்வகத்தில் வருஷாவருஷம் பச்சை முட்டை எக்நாக் செய்து, வாரக்கணக்கில் ஊறவைத்துக் குடிப்பது வழக்கம். பின்னால் அதே ஆய்வகத்து ஆட்கள் அந்தக் கலவையில் வேண்டுமென்றே சால்மோனெல்லாவைச் சேர்த்துப் பார்த்தார்கள். 3 வாரம் கழித்து எடுத்துச் சோதித்தால் ஒன்றும் வளரவில்லை. பாக்டீரியாவோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவரின் செய்முறை அது, ஏதோ பாட்டி வைத்தியம் இல்லை.

என் அனுபவம் சின்னது. நண்பன் வீட்டில் அப்படி ஊறினது ஒரு கிளாஸ் குடித்தேன். பனிக்குருவி சொன்னது சத்தியம், எரியவே இல்லை.

லேப்கோட் (ஒஹாயோ)

மேல்மாடி, அந்தச் சோதனை எனக்கும் தெரியும். அதில் ஆல்கஹால் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. கலவையில் குறைந்தது 20 சதவீதமாவது இருக்க வேண்டும். போர்பன் 40 சதவீதம் என்றால், சீசாவில் பாதிக்குப் பாதி போர்பன் ஊற்ற வேண்டும். நம் வீடுகளில் யார் அப்படி ஊற்றுகிறார்கள்? ரெண்டு மூடி ரம் விட்டு மூன்று வாரம் வைத்தால் ஆபத்துதான் வளரும். இன்னொன்று, பனிக்குருவியின் பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைக் கருவை அன்றைக்குக் காலையில் சேர்த்திருக்கிறார். அது ஊறவே இல்லை. உங்கள் 3 வாரக் கணக்கு அந்த நுரைக்குப் பொருந்தாது.

பனங்கட்டி (டொரண்டோ)

நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள், நான் என் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வேலையிடத்தில் ஒரு அம்மா டிசம்பரில் எக்நாக்கைச் சூடாக்கிக் கோப்பிக்குள் விட்டுத் தந்தார். ஒரு மிடறுதான், யாழ்ப்பாணத்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் எண்ணெய் வைத்து முழுகின நாளில் முட்டைக் கோப்பி கட்டாயம். அப்பம்மா முட்டையையும் சீனியையும் பெரிய கோப்பைக்குள் போட்டு, முள்ளுக்கரண்டியால் கை ஓயாமல் அடிப்பா. மஞ்சள் நிறம் போய் வெள்ளை நுரை பொங்கும். அதற்கு மேலே கொதிக்கக் கொதிக்கக் கோப்பி. பெரியாக்களுக்கு ஒரு மூடி பிராந்தி. எங்களுக்கு மூடியை மணக்க மட்டும் தருவா. பிள்ளை பெற்ற பெண்களுக்கும் உடம்பு தேற இதைத்தான் கொடுத்தார்கள். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன், செய்முறையை எழுதித் தரச் சொல்லி நிற்கிறார். அளவு எனக்குத் தெரியாது, அப்பம்மாவும் இல்லை. யாழ்ப்பாணத்து ஆக்கள் யாராவது அளவோடு போடுங்கோ.

ஹட்சன்கரை

வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போனபோது கேட்ட கதை. 1826-ல் அங்கே தலைவராக இருந்த சில்வேனஸ் தேயர் மதுவைத் தடை செய்திருந்தார். கேடட்கள் கிறிஸ்துமஸ் எக்நாக்குக்காக விஸ்கியைக் கடத்தி உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். டிசம்பர் 24 ராத்திரி ஆரம்பித்தது, விடியும்போது ஜன்னல்களும் மாடிப்படிக் கைப்பிடிகளும் நொறுங்கிக் கிடந்தன. 19 கேடட்கள் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள். அந்த ராத்திரி மாட்டித் தண்டனை தப்பியவர்களில் ஜெஃபர்சன் டேவிஸும் ஒருவர், 1861-ல் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்களான கான்ஃபெடரேட் மாநிலங்களின் தலைவரானவர். அந்த மைதானத்தில் நின்று கேட்டபோது, அங்கே விறைப்பாக நடந்துபோன பையன்களின் வயதுதான் அவர்களுக்கும் இருந்திருக்கும் என்று தோன்றியது. அதற்கப்புறம் எக்நாக் டப்பாவைப் பார்த்தாலே அந்த உடைந்த கைப்பிடிதான் நினைவுக்கு வருகிறது.

குற்றாலச்சாரல் (அட்லாண்டா)

பனிக்குருவி, உங்களுக்கு ருசி வராததற்கு ஊறல் ஒரு காரணம் என்றால் ஜாதிக்காய் இன்னொரு காரணமாக இருக்கலாம். நீங்கள் போட்டது பொடியா, முழுக்காயா? அதைச் சொல்லவே இல்லை. பொடி டப்பாவைத் திறந்து வைத்தால் வாசனை எண்ணெய் பறந்துவிடும், கசப்புதான் மிஞ்சும். எங்கள் ஊர்ப் பக்கம் ஜாதிக்காய் விளைகிறது. ஊருக்குப் போனால் ஓட்டோடுதான் வாங்கி வருவேன். வேண்டும்போது ஓட்டைத் தட்டி உடைத்து, கொட்டையை எடுத்துத் துருவுங்கள். கிளாஸில் ஊற்றின பிறகு மேலே துருவ வேண்டும், சீசாவுக்குள் போடக் கூடாது. ஒரு கிளாஸுக்கு ஒரு சிட்டிகை போதும், அளவு மீறினால் தலை சுற்றும், வாந்தி வரும். ஜாதிபத்திரி கிடைத்தால் பால் சூடாகும்போது ஒரு இதழ் போட்டு, வடிகட்டும்போது எடுத்துவிடுங்கள்.