அப்டேட் நின்றுபோன கைப்பேசியில் லினேஜ் ஓஎஸ் போடலாமா?

பட்டர்வொர்த்காரன்:
என் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு வயது ஐந்து. திரை, கேமரா எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, பேட்டரியும் போன வருடம்தான் மாற்றினேன், ஆனால் பாதுகாப்பு அப்டேட் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கொம்தார் பக்கம் ஒரு கடையில் கேட்டால் "புதுசு வாங்கிடுங்கண்ணே" என்கிறார்கள். தன்னார்வலர்கள் பழைய கைப்பேசிகளுக்கென்று செய்து தரும் ஆண்ட்ராய்டான லினேஜ் ஓஎஸ் போட்டால் இன்னும் மூன்று வருடம் ஓட்டலாம் என்கிறான் தம்பி. யாராவது போட்டிருக்கிறீர்களா? நாசி கண்டார் கடையில்கூட கியூஆரில்தான் காசு கட்டுகிறேன், அது போனால் திண்டாட்டம்.

செந்தூல் பையன்:
போட்டிருக்கிறேன் அண்ணே, இரண்டு வருடமாக ஓடுகிறது. முதலில் லினேஜ் தளத்தில் உங்கள் மாடல் இருக்கிறதா பாருங்கள். விற்கும் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, ஒரே பெயரில் வேறு வேறு சிப் வைத்து விற்பார்கள், உள்குறியீட்டுப் பெயரும் பொருந்த வேண்டும். லினேஜ் போட பூட்லோடரை (கைப்பேசி ஆன் ஆகும்போது முதலில் ஓடுகிற, கம்பெனி பூட்டிவைத்த நிரல்) திறக்க வேண்டும், திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், படங்களை முன்னாலேயே எடுத்து வையுங்கள் (அக்கா மகள் காதுகுத்துப் படங்களை நான் இப்படித்தான் தொலைத்தேன், இன்னும் வீட்டில் திட்டு விழுகிறது). தலைவலி வங்கிச் செயலிதான். பூட்லோடர் திறந்திருப்பதை கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை காட்டிக்கொடுத்துவிடும். சில செயலிகள் கண்டுகொள்ளாது, சில அடம்பிடிக்கும். எனக்கு இ-வாலட் ஓடுகிறது, வங்கிச் செயலி திறக்கவே மாட்டேன் என்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாத்தியார்:
தம்பி ஒன்றை விட்டுவிட்டார். லினேஜ் போட்டாலும் ஆண்ட்ராய்டு பகுதிக்குத்தான் திருத்தம் வரும். மோடத்திலும் சிப்பிலும் ஓடுகிற ஃபர்ம்வேர் மூடிய மென்பொருள், சிப் கம்பெனி கைவிட்டுவிட்டால் தன்னார்வலர்கள் அதைத் தொட முடியாது. ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுகிற மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் இருப்பதால் அதன் மூலநிரலைத் தயாரிப்பாளர் கொடுத்தே ஆக வேண்டும், அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் இவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள். "சிப் பழசு, முடியாது" என்று கம்பெனிகள் சொல்வதை நான் முழுசாக நம்புவதில்லை. ஃபேர்போன் 2 என்று ஒன்று 2015இல் வந்தது. ஆண்ட்ராய்டு 6க்கு மேல் சிப் பக்கத்திலிருந்து உதவி இல்லை, ஆனாலும் அந்தச் சின்ன டச்சு நிறுவனம் அதை ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுவந்து, 2023 வரை அப்டேட் கொடுத்தது. இப்போது பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 எல்லாவற்றுக்கும் 7 வருடம் அப்டேட் என்கிறார்கள், சரி, ஆனால் நாம் வாங்கும் 600 ரிங்கிட் போனுக்கு அந்த வாக்கு கிடையாது.

ஜெலுத்தோங்:
பழையதில் லினேஜ், வங்கிக்கு மட்டும் அப்டேட் வருகிற மலிவு போன் ஒன்று. இரண்டைச் சுமக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்காரிதான் சிரிக்கிறாள்.

பட்டர்வொர்த்காரன்:
நன்றி எல்லோருக்கும். பார்த்துவிட்டேன், என் மாடல் பட்டியலில் இருக்கிறது, குறியீடும் பொருந்துகிறது. வங்கிச் செயலியை மனைவி போனுக்கு மாற்றலாமா என்று கேட்டேன், சம்பளம் வரும் கணக்கும் தன்னிடம்தானே இருக்கும் என்று உடனே சரி என்றுவிட்டாள். சனிக்கிழமை உட்காருகிறேன், இன்றைக்குப் படங்களை லேப்டாப்புக்கு இறக்குகிறேன்.