30 வாரத்தில் பிறந்த மகள்: கண் பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

உசிலம்பட்டித் தந்தை:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் 30 வாரத்தில், 1,280 கிராம் எடையுடன் பிறந்து இன்றோடு 12 நாள் ஆகிறது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். மூச்சுக்கு உதவிய சிபேப் கருவியை நேற்று முன்தினம் எடுத்துவிட்டார்கள். குழாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 12 மி.லி. தாய்ப்பால் செல்கிறது. இடையில் 1,150 கிராமுக்கு இறங்கிய எடை இப்போது 1,210. தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும்படி மருத்துவர் சொல்கிறார். பெட்டியை விட்டு வெளியே எடுத்தால் குளிர் தாக்கும், கிருமி தொற்றும் என்று அத்தை தடுக்கிறார். நான்காவது வாரத்தில் கண் பரிசோதனையாம். பிள்ளை நன்றாகக் கண் திறந்து பார்க்கிறாள். வீட்டுக்கு வந்து சற்றுத் தேறியபின் அதைச் செய்துகொள்ளலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, முதல் வாரத்தில் எடை இறங்குவது குறைமாதக் குழந்தைகளுக்கு இயல்பானதே. இனி கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 கிராம் வீதம் ஏறிவந்தால் நல்லது. சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்துவர ஏறத்தாழ 34 வாரமாகும் என்பதால்தான் இப்போது குழாய். அடுத்து பால் புகட்டும் சிறு கிண்ணமான பாலாடைக்கு மாற்றுவார்கள். ஆசைப்பட்டு யாரும் தேன், சர்க்கரைத் தண்ணீர் என்று சேனை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தையின் அச்சம் புரிகிறது, ஆனால் நடப்பது நேர்மாறானது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய, இப்படி வெறும் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை, குழந்தையின் உடல்வெப்பத்தைக் காப்பதோடு கடும் தொற்றையும் குறைக்கிறது என்பது பின்னர் ஆய்வுகளில் உறுதிப்பட்டது. நாளுக்கு 8 மணி நேரமாவது அணைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தாய்க்குத் தையல் வலித்தால் நீங்களும் அணைத்துக்கொள்ளலாம். கண்ணைப் பற்றி அனுபவப்பட்டவர்களே சொல்லட்டும்.

மேலூர் அம்மா:
நான் அனுபவப்பட்டவள். என் மகன் பிறந்தபோது 31 வாரம், 1,400 கிராம். 24ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் கண்ணைப் பற்றி வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாளின் இரண்டாம் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே, ஆர்ஓபி (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய்) என்ற மூன்றெழுத்தும் ஒரு தேதியும் மட்டும் இருந்தன. தடுப்பூசிக்குப் போன இடத்தில் கிராமச் செவிலியர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துப் பதறியபோது 41 நாள் ஆகியிருந்தது. மறுநாளே பரிசோதித்து, அடுத்த இரண்டு நாளுக்குள் லேசர் செய்தார்கள். பார்வை தப்பியது, கண்ணாடி அணிகிறான். அவனும் அன்று நன்றாகத்தான் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
அம்மா சொன்னதற்கு விளக்கம் இதுதான். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் நிறைமாதத்தையொட்டித்தான் வளர்ந்து முடிகின்றன. முன்கூட்டியே பிறந்து, பிராணவாயுவும் பெற்ற குழந்தைக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும்; வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவேதான் 34 வாரத்துக்கு முன் அல்லது 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு நடைமுறை. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு இன்னும் முன்னதாகவே. ஒருமுறை பார்த்து நன்றாக இருந்தாலும், குழாய்கள் முழுமையாக வளரும்வரை மருத்துவர் குறிக்கும் நாள்களில் மீண்டும் காட்ட வேண்டும். மருத்துவமனையிலேயே பார்க்க வசதியில்லையென்றால், மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கிறார்கள்.

உசிலம்பட்டித் தந்தை:
இருவருக்கும் நன்றி. கண் மருத்துவர் 26ஆம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே வருவதாகக் கேட்டறிந்தேன்; அதற்குள் வீட்டுக்கு அனுப்பினால் நாங்களே அழைத்துச் செல்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று மாலை சட்டையைக் கழற்றி, மகளை 50 நிமிடம் நெஞ்சில் கிடத்திக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே நின்ற அத்தை, தலைக் குல்லாயைக் காது மறைய இழுத்துவிடும்படி சைகையிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.